அக்காவின் கண் திறந்த படம்

ஹாலிஎலவிலிருந்து தெமோதரை வரைக்கும் உள்ள தேயிலைத் தோட்டங்களில் நான் எடுத்த படம் மாட்டாத லயத்து வீடு கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கொழுந்துச் சாக்குத் தூக்கியவன், பதுளையில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டேன். கமராவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான் திறந்ததே இல்லை. எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று அமுக்கி அமுக்கியே படித்தேன்.

அதிலும் ப்ளாஷ் இல்லாமல் இருட்டில் எடுப்பதில் என்னை அடிக்க ஆள் இல்லை. ஒரு தோட்டத்துக் கோயிலில் அம்மனுக்கு ப்ளாஷ் அடிக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார். உள்ளே இரண்டே விளக்கு. என் பழைய டிஜிட்டல் கமராவில் வெளிச்சத்தைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை அது போகும் உச்சம் வரை ஏற்றி, அரிசிப் பை மேல் கமராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். நிழலெல்லாம் மிளகாய்த்தூள் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வந்தது. அம்மன் முகம் மட்டும் உயிரோடு நின்றது. புதுக் கமரா வாங்கச் சொன்னவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுவேன். வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

அந்தத் திமிரோடுதான் போன ஐப்பசியில் அக்காவைப் பார்க்கப் போனேன்.

அக்கா தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மகளோடு இருந்தாள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மகன் கட்டாரில். லீவு கிடைக்கவில்லை. அவன்தான் எனக்குப் போன் எடுத்தான்.

"மாமா, அம்மா கண்ணு தொறந்திருக்கிற படம் ஒன்னுகூட எங்கிட்ட இல்ல. ஒன்னே ஒன்னு எடுத்துக் குடுங்க மாமா."

உண்மைதான். அக்காவுக்கு ப்ளாஷ் ஆகாது. மின்னுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கண்ணை இறுக்கிக்கொள்வாள். மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து, எல்லாம் நான் எடுத்தது. எல்லாவற்றிலும் தூங்குகிறவள் போல நிற்கிறாள். அடையாள அட்டைப் படத்தில் கண் திறந்திருந்தது. அது ஈரம் பட்டு முகமே வெளுத்துப் போனது. என் கூடப் பிறந்தவள்தானே, அடுத்த தடவை பார்ப்போம் என்று நானும் வருஷக்கணக்கில் தள்ளிவிட்டேன்.

நான் போன அன்று மதியத்திலேயே பனிமூட்டம் லயத்தை மூடியிருந்தது. டர்பன்டைன் மரம் ஒன்று கம்பியில் விழுந்து கரண்டும் இல்லை. அக்கா படுத்திருந்த உள் காம்பராவில் என் கை எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

"கட்டில வாசல் இஸ்தோப்புக்குத் தூக்கிருவோம் புள்ள. அங்க வெளிச்சம் இருக்கு" என்றேன்.

அக்கா மகள் என்னை எரிப்பது போல் பார்த்தாள். "வாய மூடுங்க மாமா. கட்டிலு எப்ப வெளிய போகும்னு ஒங்களுக்குத் தெரியாதா? பாத்தவுடனே பக்கத்துக் காம்பராவுல ஒப்பாரி வச்சிருவாங்க."

எங்கள் லயத்தில் ஆள் போன பிறகுதான் கட்டில் இஸ்தோப்புக்கு வரும். கேட்டதே தப்பு.

"அப்ப போன்லயாச்சும் எடுத்து வைப்போமா?" என்றாள்.

"போன் அதுவா ஒரு மொகத்த வரையும் புள்ள. மெழுகு பொம்ம மாதிரி இருக்கும். அத உள்ள வையி. மாமன் இருக்கேன்ல."

வைத்துவிட்டாள்.

அக்காவுக்குப் பேச்சு இருந்தது. "டேய் தம்பி, அந்தக் கருமத்த அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன்க்கா."

"சத்தியமா?"

"அம்மன் மேல சத்தியம்."

"அப்பத் தொறக்கிறேன். வெரசா எடு. கண்ணத் தொறந்து வச்சிருக்கிறதே கொழுந்துக் கூடை சொமக்கிற மாதிரி இருக்கு."

திறந்தாள். அந்த இருட்டில் கமரா தானாகக் கூர்மை பிடிக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு ஓடியது. நான் கையால் திருகினேன். இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வலது கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. படம் பிடிக்கிறவனுக்குக் கண் போச்சு என்று பதுளை டவுனில் பேசவிடுவேனா நான்?

அரிசி டின் மேல் கமராவை வைத்து, அவள் மூச்சை வெளியே விட்டு நிற்கும் இடைவெளி பார்த்துப் பார்த்து அமுக்கினேன். பதினொரு படம். கமராவின் முதுகுத் திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் பார்த்தேன். கண்கள் இரண்டும் திறந்திருந்தன. அங்கே நின்றே கட்டாரிலிருந்த மருமகனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, கண்ணு ரெண்டும் பளிச்சுனு தொறந்திருக்கு. ஒன் மாமன் எடுத்தா சும்மாவா?"

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

"பெரிசாக்கிப் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"எனக்கே சொல்லித் தாறியா?" என்றேன்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். தலையணை உறையின் தையல் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அக்காவின் கண் தெரியவில்லை. இரண்டு கரும்பூச்சு. அடுத்த படம், அதற்கடுத்த படம், பதினொன்றும் அப்படியே. திரையில் மூக்கு முட்டுகிற வரை போய்ப் பார்த்தேன். கமரா ஆடவில்லை. அக்கா அசையவில்லை. குறி தப்பியவன் நான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஓடினேன். கரண்ட் வந்திருந்தது, பல்ப் எரிந்தது. அக்காவின் கண் மூடியிருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவக்கா. என்னயப் பாரு."

மூச்சு மட்டும் ஏறி இறங்கியது.

"விடுங்க மாமா. அதான் நேத்தே எடுத்துட்டீங்களே" என்றாள் அக்கா மகள்.

எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொழுது சாயும் வரை கமராவை மடியில் வைத்துக்கொண்டு, அந்த இமையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அக்கா மகள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் என் விரல் அக்காவின் இமை வரை போனது. தொட்டும்விட்டேன்.

"என்னா செய்றீங்க?" வாசலில் குடத்தோடு நின்றாள்.

"தூசி" என்றேன்.

மறுநாள் காலையில் கட்டில் இஸ்தோப்புக்கு வந்தது. மூட்டம் கலைந்து நல்ல வெயில். சுருக்கம் சுருக்கமாக, மூக்குத்தி ஓட்டை வரைக்கும் அக்காவின் முகம் துல்லியமாகத் தெரிந்தது. எந்தக் கமராவாலும் எடுத்திருக்கலாம்.

மருமகனுக்குப் பதினொன்றில் கொஞ்சம் பரவாயில்லாத ஒன்றை அனுப்பினேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

"மாமா, இது தெளிவில்லயே. நீங்க சொன்னீங்களே, அந்தப் பளிச்சுனு இருக்கிறத அனுப்புங்க."

நான் பார்த்துவிட்டேன் என்று போன் அவனுக்குக் காட்டியிருக்கும். சாயங்காலம் இன்னொன்று வந்தது.

"மாமா?"

அவ்வளவுதான் எழுதியிருந்தான். இன்னும் நான் பதில் போடவில்லை.