வரப்போகும் படத்துப் பாட்டு

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மலைப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் கிட்டாரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன் ஒரு வருஷம், அவர் ராக் பாட்டு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே விரல் வைக்கக் கற்றிருந்தேன். அந்தத் தைரியத்தில் எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன்.

மேடையில் என் இடம் பின்வரிசை, டிரம்ஸுக்குப் பக்கத்தில். முன்னால் நிற்பவர் மெட்டை வாசிப்பார். நான் ரிதம் கிட்டார், நாலைந்து கம்பியைச் சேர்த்து மீட்டித் தாளத்தோடு கார்டு போட்டுக்கொண்டிருப்பேன். நிறுத்தினால்தான் நான் இருந்ததே தெரியும். கம்பி அறுந்துவிடுமோ என்று மூன்று செட் பையில் வைத்திருப்பேன். ஆறு வருஷத்தில் அறுந்தது இரண்டே தடவை.

சொந்தமாகப் பாட்டும் எழுதுவேன், மெட்டோடு. ஒன்றைக் குழுத் தலைவரிடம் பாடிக் காட்டினேன். பாடுகிறவரும் மைக்கில் அறிவிக்கிறவரும் அவரேதான்.

"நல்லாத்தான்யா கீது. ஞாயித்துக்கிழமை வேங்கிக்கால் ரிசப்ஷன்ல போட்டுடலாம். உன் பேரையும் சொல்லிடறேன்."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே பயம். எங்கள் மேடையில் எந்தப் பாட்டையும் படத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவோம். பின்னால் நிற்கிற கிட்டார்காரன் எழுதியது என்றால் ஜனம் பந்திக்கு எழுந்துவிடாதா? மேடை ஏறும்முன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, என் பேரு வேணாம்ணா. ஏதாவது படம்னு சொல்லிடுங்க."

"இன்னா படம்னு சொல்றது?"

"இனிமே வரப்போற படம்னு."

தலையில் அடித்துக்கொண்டே அப்படியே சொன்னார். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. இன்னொரு தடவை பாடச் சொல்லிச் சீட்டு வந்தது. அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் அந்தச் சீட்டுதான்.

ஒரு வருஷம் பொறுத்து, என் பெயரைச் சொல்லிவிடலாமா என்று தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்ப சொன்னா, சினிமாப் பாட்டைத் திருடிட்டு தன்னுதுன்றான் பாருன்னுவாங்க. பயந்தது யாரு? நீதான?"

நான்தான்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அடி அண்ணாமலையில் சொந்தக்காரர் கல்யாணம். வேலூரிலிருந்து வேறொரு குழு வந்திருந்தது. மூன்றாவது பாட்டு என்னுடையது. ஏதோ படத்துப் பாட்டு என்றே அறிவித்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, அவரிடம் சொல்லிவிட்டேன்.

"இது நான் எழுதினதுங்க."

மேலும் கீழும் பார்த்தார். "யார்கிட்ட உடற? நான் அந்தப் படத்தையே பாத்துட்டேன்யா, வேலூர்ல."

"படம் எப்படிங்க?" என்று கேட்டேன்.

"பாட்டு தேவல. மத்ததெல்லாம் சுமார்."

மேடையில் பின்வரிசைக் கிட்டார்காரர், என் வயசுதான் இருக்கும், சரணத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு தடவையும் கார்டைத் தப்பாகப் பிடித்தார். அவர் கிட்டாரோடு டீ குடிக்க இறங்கியதும் போய் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். வைத்துப் பார்த்தார். சரியாக விழுந்தது.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நானும் ரிதம் கிட்டார்தாங்க" என்றேன்.