மூன்றாம் படி முழுகிய நேரம்

கால்வாய்ப் பாலத்தடியில், எட்டடிக்கு ஆறடி அறை ஒன்றில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். வேலை ஒன்றே ஒன்றுதான்: கால்வாய்ச் சுவரில் வரைந்திருக்கும் அளவுப் பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து, பதிவேட்டில் எழுதி, கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சாதாரண நாளில் காலையும் மாலையும், மழை நாளில் அரை மணிக்கு ஒரு தடவை. இரண்டு மீட்டரைத் தொட்டால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பொறியாளர் பாலத்தின் மேல் இருக்கும் சங்கை ஊதுவார். சங்கு ஊதினால் பாலத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கும் பள்ளத்தெருக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏற வேண்டும்.

நின்றபடி எட்டிப் பார்த்து எழுதுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. மேலிருந்து பார்த்தால் இரண்டு சென்டியாவது தவறும் என்று, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். பள்ளத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணன், துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி எடுக்கற அளவுல மயிரிழை பிசகாது, நான்கூட அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவேன்" என்பார்.

தெருக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தடவை சங்கு ஊதி, எல்லோரும் மாடியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தும் தண்ணீர் வரவில்லை. படியேறும்போது வழுக்கி விழுந்த பெரியவர் ஒருவருக்கு இடுப்பு எலும்பு போயிற்று. அவள் சொன்ன அளவு அன்றும் சரிதான். மழைதான் திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'சங்கு'. "என்ன சங்கு, இன்னிக்கு யாருக்கு ஊதப் போற?" என்று கேட்காமல் யாரும் பாலத்தைத் தாண்டுவதில்லை.

இந்த வருடத்தின் முதல் பெருமழை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பிடித்தது. ஒன்றரை மணிக்குப் பலகையில் ஒன்று முப்பத்தைந்து, அதாவது ஒரு மீட்டர் முப்பத்தைந்து சென்டி. சொன்னாள். இரண்டு மணிக்கு ஒன்று ஐம்பது. எழுதப் பென்சிலை எடுத்தவள் கை அப்படியே நின்றது.

பலகைக்குப் பக்கத்தில் கால்வாய்க்குள் இறங்கும் இரும்புப் படிகள் உண்டு. மேலிருந்து மூன்றாம் படி முழுகியிருந்தது. அது ஒன்று எண்பதில்தான் முழுகும். இரண்டாம் படி இரண்டு மீட்டரில். முதல் படி இரண்டு இருபதில். அது முழுகினால் பள்ளத்தெருவில் தண்ணீர். பதினோரு வருடத்தில் இது ஒரு தடவைகூட மாறியதில்லை.

கோடையில் கால்வாய்த் தரையில் புதிதாக ஓர் அடுக்குக் கான்கிரீட் போட்டார்கள். அதற்குப் பிறகு பெயிண்டர்கள் வந்து பலகையைப் புதுப்பித்தார்கள். பழைய எண்களைச் சுரண்டிவிட்டு, புதுத் தரையில் டேப்பை வைத்துப் பூஜ்யத்தை அங்கிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். முப்பது சென்டி கான்கிரீட், முப்பது சென்டி பொய். 'பணி சரி' என்று கையெழுத்துப் போட்டவள் அவள்தான். எண்கள் முத்து முத்தாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தாளே தவிர, பூஜ்யம் எங்கே காலூன்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மழையில்லாத மாதங்களில் தண்ணீர் கணுக்காலளவு கிடந்தது. சந்தேகம் வர வழியில்லை.

மனசுக்குள் கணக்குப் போட்டாள். அரை மணிக்குப் பதினைந்து சென்டி ஏறுகிறது. பலகை இரண்டு மீட்டர் காட்ட மூன்று நாற்பது ஆகும். தெருவுக்குள் தண்ணீர் மூன்று இருபதுக்கே வந்துவிடும். வெள்ளம் வந்து இருபது நிமிடம் கழித்துச் சங்கு ஊதும்.

போனை எடுத்தாள். "ஒண்ணு எண்பது சார்."

"என்னம்மா இது? அரை மணிக்கு முன்னாடி ஒண்ணு முப்பத்தஞ்சுன்னீங்க. அதுக்குள்ள நாப்பத்தஞ்சு சென்டி எப்படி ஏறும்?"

"ஏறல சார். பலகை முப்பது சென்டி கம்மியா காட்டுது. பூஜ்யத்த மாத்தி வச்சிருக்காங்க."

"பலகைக்கு எதிர்ல மாட்டியிருக்கற கேமராவுல ஒண்ணு ஐம்பதுன்னு எனக்குத் தெளிவா தெரியுது."

"கேமராவும் அதே பலகையத்தான சார் பாக்குது?"

"பலகைய சரிபார்த்தது யாரு?"

"நான்தான் சார். கையெழுத்து என்னுது."

"அன்னிக்கு சரின்னு எழுதிட்டு, இன்னிக்கு தப்புங்கறீங்க. போன தடவ ஊதினதுக்கே நான் பதில் சொல்லி முடிக்கல. கேமராவுல ரெண்டு வரட்டும், பாக்கலாம்."

அண்ணனுக்கு அடித்தாள். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணே, மெஷின நிறுத்து. தெருவுல எல்லாரையும் மாடிக்கு ஏத்து. மூணு மணிக்குள்ள."

"சங்கு ஊதலியேம்மா?"

"ஊத மாட்டேங்கறாரு. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

"ஊதினாலே ஏற மாட்டாங்க, ஊதாம எப்படி ஏறுவாங்க? 'உன் தங்கச்சிக்கு வேற வேலை இல்லியா'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி கேப்பாங்க."

"கேக்கட்டும். அந்தப் பெரியவர மொதல்ல ஏத்து. நாற்காலியோட தூக்கு."

"சரி சரி, பதறாத. எவ்வளவு நேரம் இருக்கு, அத மட்டும் சொல்லு."

"மூணு இருபது. அதுக்கு மேல இல்ல."

மெஷின் சத்தம் நின்றது.

இரண்டரைக்குக் குடையை வீசிவிட்டு மழையிலேயே குத்துக்காலிட்டுப் பார்த்தாள். பலகையில் ஒன்று அறுபத்தைந்து. இரண்டாம் படிக்கு ஐந்து விரல் கூட இல்லை. திரும்பவும் போன்.

"சார், என்னை நம்ப வேணாம். கீழ மதகுல இருக்கறவர கேளுங்க. அவர் பலகைக்கு யாரும் பெயிண்ட் அடிக்கல. எப்பவும் அவருது என்னுதவிட பத்து சென்டி கம்மியாத்தான் இருக்கும். பதினோரு வருஷ ரெஜிஸ்டர் இருக்கு. இன்னிக்கு அவருது கூட இருந்தா, தப்பு யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க."

"லைன்ல இருங்க."

இருந்தாள். மதகுக்காரர் போனை எடுக்கவில்லையாம். பொறியாளர் இன்னொரு போனில் திரும்பத் திரும்ப அடிப்பது அவள் காதில் விழுந்தது. கடிகாரம் இரண்டு முப்பத்தாறு. முப்பத்தெட்டு. மழைக்குள் மதகைச் சுத்தம் செய்யப் போயிருப்பார், போனை உள்ளே வைத்துவிட்டுப் போயிருப்பார். நகத்தைக் கடிக்கிற வயசெல்லாம் தாண்டியவள், கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் துப்பினாள். இரண்டாம் படியின் விளிம்பில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பத்திரண்டுக்குப் பொறியாளர் குரல் மாறி வந்தது. "ஒண்ணு தொண்ணூறுங்கறாரும்மா."

"என்னுதுல ஒண்ணு எழுபது காட்டுது சார். கீழ இருக்கறவருக்குக் கூடவும் மேல இருக்கறவளுக்குக் கம்மியாவும் எப்படி இருக்கும்?"

தலைக்கு மேலே சங்கு ஊதியது.

அண்ணன் அதற்குள் பாதித் தெருவை ஏற்றியிருந்தார். வர மறுத்தவர்கள், சங்குச் சத்தம் கேட்டதும் முணுமுணுத்தபடி கிளம்பினார்களாம். மூன்று இருபத்திரண்டுக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் குழந்தைகள் அழுகை, யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

"தண்ணி வந்துடுச்சும்மா. என் கடைப்படி முழுகிடுச்சு. அறுபத்திரண்டு பேரும் மாடிக்கு வந்தாச்சு. ரெண்டு தடவ எண்ணிட்டேன்."

"பெரியவர்?"

"பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. உன்னத் திட்டிக்கிட்டே இருக்காரு."

சுவரில் சாய்ந்தாள். உட்கார நேரமில்லை; மூன்றரை ஆகிக்கொண்டிருந்தது. பார்த்து, எழுதி, போன் செய்தாள்.

"நாளைக்கு அந்தக் கையெழுத்துக்கு விளக்கம் எழுதித் தரணும்" என்றார் பொறியாளர்.

"தரேன் சார். என் தப்பு, எழுதித் தரேன்."

"இப்ப எவ்வளவு?"

"பலகையில ஒண்ணு தொண்ணூத்தஞ்சு."

"அத எனக்கே கேமராவுல தெரியுது. உங்க கணக்குல எவ்வளவு?"

"ரெண்டு இருபத்தஞ்சு சார். இன்னும் ஏறுது."

"இனிமே பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லுங்க" என்று அவர் போனை வைத்தார். அவள் குடையைத் தேடவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மறுபடியும் மழைக்குள் இறங்கினாள்.