என் வேன் அரண்மனைக்கு டியூப்லைட் மாட்டிய நாள்

தனுஷ்கோடி சாலையோரம் நிற்கும் பழைய வேன்தான் என் அரண்மனை. ராஜாவும் நானே, குடிமகனும் நானே. உள்ளே இருட்டு ஆளையே தின்றுவிடும் போலிருந்ததால், இன்று பேட்டரியில் எரியும் நாலு டியூப்லைட் மாட்டினேன்.

பொழுது சாய்ந்ததும் போட்டேன். விடிந்துவிட்டதென்று இலங்கையில் சேவல் கூவியிருக்கும்.

சற்று நேரத்தில், கோயிலுக்கு வந்த பரமக்குடிப் பக்கத்துத் தம்பதி எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணுல சீனி கம்மியா."

டீக்கடை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. போட்டுக் கொடுத்தேன். வேன் படியில் உட்கார்ந்து, மழை பெய்யாததையும் மருமகன் பேசாததையும் சொன்னார்கள்.

"எவ்வளவுண்ணே?"

"இன்னொரு டீ குடிங்க, அதான் காசு."

"பஸ்ஸு போயிரும்ணே, வாரோம்."

போய்விட்டார்கள். லைட்டை இன்னும் அணைக்கவில்லை.

வாசலில் ஒரு பெஞ்சும் போட்டுவிடட்டுமா? சொல்லுங்கள்.