பூட்டிய வாசலில் ஒரு பேட்டி

வெவ்வேறு மதத்தினர் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று அளந்து மதிப்பெண் போடும் வேலையாகத் தூத்துக்குடி போயிருந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு தெருவில், பலசரக்குக் கடைக்காரர் மனைவி பேச்சியம்மாள், பூட்டிக் கிடந்த தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். அங்கேயே பேட்டியை ஆரம்பித்தேன்.

“பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?”

“ரோஸ்லின். வேதக்காரி.”

“அவங்களோட பேசுவீங்களா?”

“அவ மூஞ்சியில முழிக்கமாட்டேன். எம் மக கல்யாணத்துல ஓடியாடி வேலை பாத்துட்டு, ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டா. அவளா வந்து பேசட்டும்.”

பரிதாபத்தோடு பூஜ்ஜியம் போட்டேன்.

“ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள போகலாமே?”

“சாவி அவகிட்டல்லா இருக்கு. சர்ச்சுக்குப் போயிருக்கா.”

ரோஸ்லின் வந்தார். பேச்சியம்மாளைத் திரும்பியும் பாராமல் சாவியை என் கையில் வைத்தார்.

“கேஸ் சிலிண்டர் வந்துச்சு, உள்ள எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லுங்க தம்பி.”

ஒரு முழம் தள்ளி நின்ற பேச்சியம்மாள், “எனக்குக் காது கேக்குன்னு சொல்லுங்க தம்பி” என்றார். பிறகு, “இன்னைக்காவது சாப்பிட்டாளான்னும் கேளுங்க.”

பூஜ்ஜியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவதென்று இன்றுவரை தெரியவில்லை.

என் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வோம். அளந்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். என் வீட்டுக்கு மூன்று சாவிகள். மூன்றும் என் பையில்தான் கிடக்கின்றன.