மீன்தொட்டி விளக்கின் இரைச்சல்

வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் பட்டறை. இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் மருத்துவக் கருவிகளை அங்கே பழுது பார்க்கிறேன். போன மழைக்காலத்தில், எந்தக் கருவியைச் சோதித்தாலும், மின்னலையைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் கோடு நேராக வரவில்லை. புல் முளைத்தது போல் சிலிர்த்து நின்றது.

"ஸ்கோப்புக்கு வயசாயிடுச்சு. புதுசு வாங்கிடலாமே," என்றார் கணவர். அவருக்கு வங்கியில் வேலை.

"அது நல்லாத்தான் இருக்கு. வெளியிலேருந்து எதுவோ நுழையுது. பிடிச்சுக் காட்டறேன், பாருங்க."

எனக்குச் சந்தேகமே இல்லை. கருவியைக் கழற்றிவிட்டு, ஸ்கோப்பின் முனையை அதன் எர்த் கிளிப்போடு சேர்த்துக் கவ்வினேன். அப்போதும் புல் முளைத்தது. நீண்டு தொங்கிய எர்த் வயரைச் சுருக்கினேன். மேஜையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே பிளக் பாக்ஸில் செருகினேன். பாதி அடங்கியது. மீதி அசைவதாக இல்லை.

இரைச்சல் எங்கள் வீட்டிலிருந்து வருகிறதா என்று பார்க்க வீட்டு மெயினையே அணைத்தேன். பேட்டரி ரேடியோவை, நிலையம் எதுவும் எடுக்காத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். பக்கத்து வீட்டுச் சுவரை நெருங்கியதும் அது கரகரவென்று கத்தியது.

அந்த வீட்டில், நான் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அம்மாள் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்தவர், என் கையிலிருந்த ரேடியோவைக் கேட்டுத் திகைத்தார்.

"அட, இதே சத்தம்! என் ரேடியோவும் இப்படித்தான் கத்துது. தூக்கிப் போடுங்கறான் மகன். காலையில பாட்டு கேக்கறதையே விட்டுட்டேன்," என்றார் வங்காளத்தில்.

இரைச்சல் அவருடைய மீன்தொட்டியருகே உச்சத்துக்குப் போனது. தொட்டி விளக்கின் மலிவான அடாப்டரைப் பிடுங்கினேன். ரேடியோ அடங்கியது.

"ஐயோ, மீனெல்லாம் இருட்டுலயா கிடக்கும்?"

"விளக்கு எரியும் காகிமா, இருங்க."

என் பெட்டியிலிருந்து அதே வோல்ட்டில் நல்ல அடாப்டர் ஒன்றை எடுத்துவந்தேன். அதன் வயரை இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்றுகள் சுற்றிச் செருகினேன். விளக்கு எரிந்தது, ரேடியோ மூச்சு விடவில்லை. காகிமா என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மெயினைப் போட்டேன். திரையில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல் கோடு.

"புது ஸ்கோப் வேண்டாமா அப்ப?" என்றார் கணவர்.

"வேண்டாம்."

காகிமா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். அந்த வாரமே, நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் மேல்வீட்டுப் பெண் வந்து நின்றார். ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் ஸ்பீக்கர் உறுமுகிறதாம்.

"ரெகுலேட்டராத்தான் இருக்கும். வாங்க, பாத்துடலாம்," என்று செருப்பை மாட்டினேன்.