காய்ச்சலுக்கு ஒரு மாத்தாள்

காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் மயங்கி விழுந்தாள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. அதே நேரத்தில் நான் இரண்டு தெரு தள்ளி, வேறொரு கம்பெனியின் கேன்டீனில் தையல்காரர்களை உட்காரவைத்து நோய் விடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பணியாளர் பிரிவில் இருப்பதால் அது என் வேலை. உடம்புக்கு முடியாதவர் விடுப்பு எடுப்பது சட்டம் தந்த உரிமை, யாரும் தடுக்க முடியாது என்றேன். பின்சுவரில் அதையே சொல்லும் புதுப் போஸ்டர். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதற்குள் கூட்டம் நடத்திப் போட்டோ எடுத்தாக வேண்டும்.

ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் எழுந்தார். “ஏனுங்க மேடம், நீங்க சொல்றது சரிங்க. ஷிப்மென்ட் தேதி பார்த்து வரோணும்னு அந்தக் காய்ச்சலுக்கு ஆருங்க சொல்றது?”

கேன்டீனே சிரித்தது.

“மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லுக்கா. மாத்தாள் இருக்கான்னு மொதல்ல கேப்பாங்க” என்றார் பக்கத்திலிருந்தவர்.

நானும் சிரித்தேன். கேட்பேன்தான். ஒருவர் வராவிட்டால் லைனே தேங்கிவிடும். அதனால் விடுப்புக் கேட்பவரே தனக்குப் பதிலாகத் தங்கையையோ பக்கத்து வீட்டுக்காரியையோ அனுப்பிவைப்பது எங்கள் ஊர் வழக்கம். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. போஸ்டர் ஒட்டிய பிறகும் நான் அதைக் கேட்பதை நிறுத்தவில்லை.

கூட்டம் முடிந்து சைலன்ட்டில் கிடந்த போனை எடுத்தால், மகளின் கம்பெனியிலிருந்து வரிசையாக அழைப்புகள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவளுடைய சூப்பர்வைசரைத் திட்டினேன். காய்ச்சல்காரப் பிள்ளையை நிற்கவைத்து வேலை வாங்கியிருக்கிறாள், லேபர் ஆபீஸ் வரை இழுக்காமல் விடுவதில்லை என்று ஸ்கூட்டரில் தனியாகப் பேசிக்கொண்டே போனேன். காலையில் வீட்டில் நடந்ததை மட்டும் நினைக்கவில்லை.

“அம்மா, காய்ச்சல் விடவே மாட்டேங்குது. கண்ணெல்லாம் வலிக்குது. இன்னிக்கு லீவு போட்டுக்கறனே.”

“சேர்ந்து ஒரு மாசம் ஆகல. ஷிப்மென்ட் அன்னிக்கு லீவு கேட்டா ஆரு மதிப்பா? மாத்திரையப் போட்டுட்டுக் கெளம்பு கண்ணு.”

நானேதான் அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டேன். வழிநெடுக என் முதுகில் சாய்ந்து வந்தாள். அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். இவளை ஏன் வேலைக்கு அனுப்பினீர்கள் என்றும் கேட்டார். மகள் இப்போது எழுந்து நடமாடுகிறாள்.

அவளைச் சேர்த்த அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். என்னைவிடச் சின்னவர், கையில் இளநீர் பாட்டில். சண்டைக்கு எழுந்தவள் அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து நின்றேன்.

“காலைல தொட்டுப் பார்த்ததுமே ஊட்டுக்குப் போ கண்ணுன்னேனுங்க. ஒருத்தி இல்லீன்னா நாங்க பார்த்துக்க மாட்டமான்னேன். ‘வேண்டாங்க்கா, எங்கம்மா திட்டுவாங்க’ன்னுட்டாளுங்க.”