நொச்சிக் குச்சி நின்ற இடம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீருக்குள் நின்ற ஒரு நொச்சிக் குச்சி. ஓரத்திலிருந்து நாலு முழம் உள்ளே நின்றது. வழக்கமாக அது தண்ணீரின் ஓரத்தில்தான் இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. தா.பழூருக்குத் தெற்கே கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் ஒரு திட்டு. நாற்பது வீடுகள், ஓர் ஓராசிரியர் பள்ளி. அந்த ஓர் ஆசிரியர் நான். பெரம்பலூரில் வளர்ந்தவள், கிணற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பக்கத்தில் பார்த்ததில்லை. வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தினமும் ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்தது. ஈர மணலில் ஆமை போன தடம் நாலு நாள் அழியாது. நாணல் பூத்தால் திட்டு முழுவதும் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். ஆறு கலங்கிச் செம்மண்ணாக ஓடும்போதும், ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்றில் தெளிந்த தண்ணீர் வரும். இதையெல்லாம் மணி போட்டு ஒரு நோட்டில் எழுதினேன். பின்னால் திருச்சியில் பத்திரிகை வேலைக்குப் போனபோது அந்தப் பழக்கம் உதவியது.

அன்றும் ஊற்றுத் தோண்டத்தான் இறங்கினேன். மணல் இறுகியிருந்தது. குச்சியைப் பிடுங்கிக் கிளறினேன். தண்ணீர் ஊறி, தெளிந்து, இரண்டு கை அள்ளிக் குடித்த பிறகு குச்சியைக் கழுவி, அது இருக்க வேண்டிய இடம் என்று நான் நினைத்த இடத்தில், தண்ணீரின் ஓரத்தில், நேராக நட்டேன். ஒழுங்காகச் செய்துவிட்ட திருப்திகூட இருந்தது.

புதன்கிழமைகளில் நர்சம்மா வருவார். ஐம்பதை நெருங்கிய, கட்டையான உருவம். நீச்சல் தெரியாது. பரிசலில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, மணலில் இடித்த பிறகுதான் திறப்பார். இறங்கியதும் முதலில் பார்ப்பது குச்சியை. அன்று ஒன்பது மணிக்கு வந்தார். அவரை அழைத்துவருவதற்காகப் பரிசல்காரர் முந்தின நாள் சாயங்காலமே குச்சியை நட்டுவிட்டு அக்கரைக்குப் போயிருந்தார்.

"ராத்திரிக்கு ஒரு சாண்தான் ஏறியிருக்கு. பயமில்லீங்க," என்றார் பரிசல்காரர்.

திட்டின் மேலக்கடைசி வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். முதல் குழந்தை தங்கவில்லை. நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, குழந்தை கால் கீழாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். மாமியார், அன்று அஷ்டமி, வாசல் தாண்டக் கூடாது, விடிந்ததும் கிளம்பலாம் என்றார். வலி இன்னும் எடுக்கவில்லை. நர்சம்மா அரை மனதாகச் சம்மதித்தார்.

பதினொன்று இருபதுக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தன் பதிவேட்டில் எழுதியபடி இதை என்னிடம் சொன்னார். "குச்சி ஒரு சாண் காட்டுது. நாலு முழம் காட்டியிருந்தா, அந்தக் கெழவி காலப் புடிச்சாலும் இன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன்."

குச்சி எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே எங்கோ பெய்த மழை இங்கே வெயிலடிக்கும்போது வரும். அதை முன்கூட்டிச் சொல்ல அந்த மொட்டை மணலில் வேறு அடையாளம் கிடையாது. சாயங்காலம் தண்ணீரின் ஓரத்தில் நட்ட குச்சி விடியும்போது எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று பார்த்துத்தான் நாற்பது வீடும் அன்றைய நாளைத் தீர்மானித்தது.

நான் உடனே சொல்லவில்லை. வகுப்புக்குள் போனேன். கரும்பலகையில் எழுதியதை அழித்து அதையே மறுபடி எழுதினேன். ஊரார் என்ன சொல்வார்கள், வேலை என்னாகும், ஒருவேளை தண்ணீர் இதற்குமேல் ஏறாமல் நின்றுவிட்டால் என்ன. இடையில் ஒருமுறை ஆற்றுக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் தோண்டிய ஊற்றுக்குழியைக் காணவில்லை. பன்னிரண்டரைக்கு, காலையில் குச்சியைப் பிடுங்கி இடம் மாற்றி நட்டதைச் சொன்னேன். எழுபது நிமிடம்.

நர்சம்மா அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருந்தார். மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "எத்தன முழம்?"

"நாலு இருக்கும்."

"சரியாச் சொல்லு டீச்சரு."

"நாலு."

கையைக் கழுவினார். திட்டவில்லை. விறுவிறுவென்று மேலக்கடைசி வீட்டுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"தண்ணி ஏறுது. டீச்சர்தான் பாத்துட்டு வந்து சொன்னாங்க. கெளம்புங்க."

"அஷ்டமிங்க நர்சம்மா," என்றார் மாமியார்.

"ஆத்துக்கிட்டப் போயிச் சொல்லு, நவமிக்கு வரட்டும். மருமவளத் தூக்குடி மொதல்ல."

ஒன்று ஐந்துக்குப் பரிசல் கிளம்பியது. நடு ஆற்றில் மூன்று முறை சுற்றியது. நர்சம்மா கண்ணை மூடவில்லை. அந்தப் பெண்ணின் வயிற்றின்மேல் கை வைத்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கரை நாணலுக்குப் பின்னால் அவர்கள் மறைந்தபோது ஒன்று நாற்பது. மூன்றரைக்குக் குச்சி முழுகியது.

மூன்று நாள் பரிசல் வரவில்லை. அந்த மூன்று நாளும் மாமியார் பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்து, "என்னாச்சுன்னு தெரியலியே டீச்சரு," என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் அந்த நாட்களுக்கு நான் எதுவும் எழுதவில்லை.

நாலாம் நாள் பரிசல்காரர் நடு ஆற்றிலிருந்தே கத்தினார்: "பொம்பளப் புள்ள! ரெண்டு உசுரும் நல்லாருக்கு!" இறங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சரு தண்ணி பாக்கக் கத்துக்கிட்டாங்களாம்ல! இனிமே நான் பரிசல ஒங்ககிட்டக் குடுத்துட்டு வூட்டுல தூங்கலாம்."

அதற்குள் திட்டு முழுவதும் அப்படித்தான் பேச்சு. அடுத்த புதன்கிழமை நர்சம்மா வந்தார். குச்சியைப் பார்த்தார். பிறகு என்னை.

"தொடலியே?"

"இல்லீங்க."

நான் மாற்றலாகிப் போகும்வரை ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த ஒரு சொல்லைக் கேட்டார். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் பத்திரிகையில் இருந்தபோது அவர் காலமான தகவல் பத்து நாள் கழித்து வந்தது.

அன்று பரிசலில் போன அந்தப் பெண் ஒவ்வொரு சித்திரையிலும் திருச்சிக்கு ஆள் மூலம் வெள்ளரிப்பழம் கொடுத்தனுப்புவார். திட்டில் விளைந்தது, கட்டிய வைக்கோலில் மணல் ஒட்டியிருக்கும். சென்ற ஐப்பசியில் அவர் மகளின் குழந்தைக்குக் காது குத்து என்று கூப்பிட்டார்கள். போனேன். முந்தின நாள் இரவு அங்கேயே தங்கினேன். விடிந்ததும் அவரும் மகளும் நானும் ஆற்றுக்கு இறங்கினோம்.

"இவங்கதான் அன்னைக்குத் தண்ணி பாத்துச் சொன்னவங்க. இல்லாட்டி நீயும் இல்ல, நானும் இல்ல," என்று மகளிடம் சொன்னார். மகள் குனிந்து என் காலைத் தொட்டாள். ஏதோ சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் மேலேயிருந்து யாரோ கூப்பிட, இருவரும் ஏறிப் போனார்கள்.

மணி ஆறு பத்து. குச்சி தண்ணீருக்குள் இரண்டு முழம் தள்ளி நின்றது. நான் தொடவில்லை.